அரிய பறவைக்கு யார் சாட்சி?

*பனிக்காலத்தில் ஏரிக்கரைகளிலும் உப்பளங்களிலும் கழுத்தில் பைனாக்குலரோடு நிற்பவர்கள் கொண்டுவரும் செய்திகள் எப்படி உருவாகின்றன, அவற்றை ஏன் கவனிக்க வேண்டும்?*

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத துயரம் ஒருபக்கம், சாய்ந்துகிடந்த ரப்பரும் வாழையும் மறுபக்கம். அந்த நாள்களில், பறக்கத் தெம்பில்லாத ஒரு பெரிய கழுகு அங்கே மீட்கப்பட்டது. இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டருக்குக் குறையாது. உள்ளூரில் யாரும் பார்த்திராத உருவம். அது கரும்பாறு என்று பிறகு அடையாளம் கண்டார்கள். ஸ்பெயின் முதல் மங்கோலியா வரையுள்ள மலைநாடுகளில் கூடுகட்டி, குளிருக்கு ராஜஸ்தான், குஜராத் பக்கம் இறங்கிவரும் இனம் அது. குமரிமுனை அதன் வழியிலேயே இல்லை.

‘ஒக்கி’ என்றே பெயர்பெற்ற அந்தக் கழுகு உதயகிரிக் கோட்டைப் பூங்காவில் ஐந்தாண்டுகள் இருந்தது. திறந்துவிட்டால் போய்ச்சேர அதன் கூட்டம் எதுவும் தெற்கே இல்லை. 2022 நவம்பரில் வனத்துறையினர் அதைச் சாலைவழியே சென்னைக்குக் கொண்டுவந்து, விமானத்தில் ஜோத்பூருக்கு அனுப்பினார்கள். அந்நகரை ஒட்டிய கேரு பகுதியில் குளிர்காலந்தோறும் கரும்பாறுகள் கூடுகின்றன. கழுகு ஒன்று விமானம் ஏறிய கதை நாளிதழ்களில் எல்லாம் வந்தது.

இப்படி ஊரே பார்க்கும் அரிய பறவை எப்போதாவதுதான் வரும். மற்றவை உள்ளங்கை அளவே இருக்கும். ஆயிரம் பறவைகளுக்கு நடுவே அரை நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. சொன்னதை எதை வைத்து நம்புவது? தமிழகத்தின் பறவையாளர்கள் கடந்த சில பத்தாண்டுகளில் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள்.

வந்தவர் யார், இருப்பவர் யார்?

ஆண்டுதோறும் கார்த்திகை, மார்கழியில் ஒரு செய்தி தவறாமல் வரும்: ‘ஆஸ்திரேலியா, சைபீரியாவிலிருந்து வெளிநாட்டுப் பறவைகள் வேடந்தாங்கலில் குவிந்தன.’ கூடவே மஞ்சள் மூக்கோடு சங்குவளை நாரையின் படம் இருக்கும். சங்குவளை நாரையும் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் இந்தியத் துணைக்கண்டத்துக்காரர்கள். மழை பெய்து நீர் நிறைந்ததும் அக்கம்பக்கத்திலிருந்து வந்து நம் மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கிறவை. டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கோடைகாலம். அங்கே குளிர் தாங்காமல் ஒரு பறவையும் இங்கே வரவேண்டியதில்லை.

உண்மையாகவே தொலைதூரத்திலிருந்து வலசை வருபவை வேறு. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கிளுவையும் நீர்ப்பரப்பின் நடுவில் மிதந்துகொண்டிருக்கும். உள்ளான்கள் கரைச் சேற்றில் ஓடியாடும். வேலிமுள்ளில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்திருக்கும், புதருக்குள் கதிர்க்குருவி ‘டக் டக்’ என்று குரல் கொடுக்கும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூவுவதால் ஆறுமணிக்குருவி என்று அழைக்கப்படும் ஒன்பது நிறப் பறவை, நகரத்துத் தோட்டங்களில்கூட சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். கூடு கட்டுவது வடக்கே. இங்கே வருவது இரை தேடி.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இவர்களில் பெயர்பெற்றது. திபெத், மங்கோலியா மேட்டுநிலங்களில் பிறந்து இமயத்தைத் தாண்டி வருகிறது. இந்த இனம் 7,290 மீட்டர் உயரத்தில் பறந்ததை உடலில் பொருத்திய கருவிகள் பதிவுசெய்திருக்கின்றன. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டப்பட்ட வாத்துகள் தென்னிந்திய ஏரிகளில் தென்பட்டிருக்கின்றன. கரையில் நின்று தொலைநோக்கியில் அந்தப் பட்டையின் எழுத்தைப் படித்துச் சொன்னால், அது எந்த ஏரியில் எந்த ஆண்டு பிடிபட்டது என்ற தகவல் திரும்பி வரும்.

அரிது என்றால் எத்தனை வகை?

‘அரிய பறவை’ என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் வேறுவேறு கதைகள் இருக்கின்றன.

முதல் வகை, காற்று கொண்டுவந்து போட்டவை. வடகிழக்குப் பருவமழையும் வலசைக் காலமும் ஒன்றாக வருவதால், வங்கக்கடல் புயல் ஒவ்வொன்றுக்கும் பிறகு நடுக்கடல் பறவைகள் கரையில் தென்படும். நிலத்துக்கு வரவே விரும்பாத ஆலாக்கள் களைத்துப்போய்த் தெருவில் கிடக்கும். அதனால் புயல் கடந்த மறுநாள் காலையில் பறவையாளர்கள் கடற்கரைக்கு ஓடுவார்கள்.

இரண்டாவது வகை, வழி தவறிய இளசுகள். முதல் வலசையைப் பல இனங்களின் குஞ்சுகள் பெற்றோர் துணையில்லாமல்தான் போகின்றன. திசையும் தூரமும் பிறவியிலேயே வந்த அறிவு. அதில் சிறு பிசகு நேர்ந்தாலும் பறவை வேறு நாட்டில் இறங்கிவிடும். கண்டங்கள் தாண்டி எதிர்பாராத இடங்களில் அகப்படுபவற்றில் முதலாண்டுப் பறவைகள் நிறைய இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வகை, ஆண்டுதோறும் வந்தும் கண்ணில் படாதவை. காஷ்மீர் ஈப்பிடிப்பான் வடமேற்கு இமயக் காடுகளில் மட்டும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையின் மலையகத்திலும் கழிக்கிறது. உலக அளவில் அழிவுக்கு இலக்காகும் நிலையில் உள்ள இந்தக் குருவியைத் தேடித்தான் பலர் ஜனவரியில் ஊட்டிக்குப் போகிறார்கள். இமயத்திலிருந்து இலங்கைக்குப் போகும் கருப்பு வெள்ளைப் பூங்குருவியின் கதையும் இதேதான். நுவரெலியா விக்டோரியா பூங்காவின் ஓடைக்கரையில் அதைப் பார்க்க உலகெங்குமிருந்து ஆள்கள் வருகிறார்கள். அங்கே போகும் வழியில் சென்னையின் மரங்களடர்ந்த வளாகங்களில் அது சில நாள் தங்கிப்போவதை விடாமல் தேடுகிறவர்களே கண்டுபிடித்தார்கள். நீலகிரியில் ஈரமான புல்மேட்டில் ஒளிந்திருக்கும் காட்டு உள்ளானும் காலடியில் வந்து எழுந்தால்தான் தெரியும்.

நான்காவது வகை வருத்தம் தருவது. முன்பு வந்தவை, இப்போது வருவது குறைந்தவை. ரஷ்யாவின் தூரகிழக்குக் கரையில் மட்டும் கூடுகட்டும் கரண்டிமூக்கு உள்ளான், உலகில் சில நூறுதான் எஞ்சியிருக்கிறது. முன்பு அது கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. இன்று அதைத் தேடுபவர்கள் வங்கதேசக் கரைக்கும் மியான்மரின் மொத்தமா வளைகுடாவுக்கும் போக வேண்டியிருக்கிறது. தமிழகக் கரையில் இனி ஒன்று தென்பட்டால் அது உலகச் செய்தி.

கொசு உள்ளானைத் தெரிந்திருக்க வேண்டும்

அப்படி ஒன்று வந்தால் யார் கண்டுபிடிப்பார்? கரண்டிமூக்கு உள்ளான் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளம். குளிர்காலத்தில் மேலே சாம்பல், கீழே வெள்ளை. நம் உப்பளங்களில் கூட்டங்கூட்டமாக மேயும் கொசு உள்ளானும் அதே அளவு, அதே நிறம். பக்கவாட்டில் நின்றால் கரண்டி போன்ற அலகு நுனிகூடச் சரியாகத் தெரியாது, முகத்துக்கு நேராகத் திரும்ப வேண்டும். ஆயிரம் கொசு உள்ளான்களை அலுக்காமல் பார்த்தவருக்குத்தான் ஆயிரத்தோராவது வேறு மாதிரி மேய்கிறது என்று உறைக்கும்.

ஈப்பிடிப்பான்களிலும் இதே சோதனை உண்டு. காஷ்மீர் ஈப்பிடிப்பானின் ஆணுக்குச் செம்மஞ்சள் நிறம் தொண்டையோடு நிற்காமல் மார்பில் இறங்கும், அதன் ஓரத்தில் கருப்புக் கரை ஓடும். அதன் நெருங்கிய உறவான செந்தொண்டை ஈப்பிடிப்பானுக்கு அந்தக் கரை கிடையாது. பெண் பறவைகளைப் பிரிப்பது இன்னும் கடினம், வாலடி நிறமும் குரலும் துணைக்கு வர வேண்டும். குழுக்களில் மங்கலான ஒரு படத்தைப் போட்டு “இது என்ன ஐடி?” என்று கேட்டால் நள்ளிரவு தாண்டியும் விவாதம் நடக்கும். கடைசியில், “இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது” என்று மூத்தவர் ஒருவர் முடித்துவைப்பார். பறவையாளர் உலகில் அதிகம் மதிக்கப்படும் வாக்கியம் அதுதான்.

வாழ்நாளில் முதன்முறையாகப் பார்க்கும் இனத்தை இவர்கள் ‘லைஃபர்’ என்கிறார்கள். லைஃபருக்காக இரவோடு இரவாக வண்டியோட்டிப் போகும் ஆர்வம் இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் செய்தியை முதலில் தருகிறவர் அநேகமாக அதே குளத்தைப் பல ஆண்டுகளாக வாரந்தோறும் பார்த்துவரும் ஒருவராக இருப்பார். வங்கி ஊழியராகவோ பள்ளி ஆசிரியராகவோ கல்லூரி மாணவியாகவோ இருக்கலாம். 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர்கள் சங்கத்திலிருந்து கோவை, சேலத்துக் குழுக்கள் வரை இப்படிப்பட்டவர்களால்தான் நடக்கின்றன. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரிதோறும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் தன்னார்வலர்களே கரைகளில் நடக்கிறார்கள்.

கேள்வி கேட்கும் பதிவேடு

முன்பெல்லாம் அரிய பறவையைப் பார்த்தவர் குறிப்பேட்டில் எழுதிவைப்பார், மிஞ்சினால் சங்க இதழுக்கு ஒரு கடிதம் போடுவார். இன்று பெரும்பாலானவர்கள் ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிகிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் 2002-இல் தொடங்கியது அது. எந்த இடம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எந்தப் பறவை எத்தனை என்று கேட்கும். “லிஸ்ட் போட்டாச்சா?” என்பது இன்று ஏரிக்கரையில் இருவர் பிரியும்போது கேட்டுக்கொள்வது.

ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் எது வழக்கம், எவ்வளவு வழக்கம் என்று ஒரு வரம்பு அதில் வைக்கப்பட்டிருக்கிறது. டிசம்பரில் சென்னையில் பத்து தட்டைவாயன் என்றால் கேள்வியில்லை. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்றால் தளம் உடனே நிறுத்தி விவரம் கேட்கும். படம், ஒலிப்பதிவு, பார்த்த அடையாளங்கள் எல்லாம் வேண்டும். அந்தப் பகுதியை நன்கறிந்த தன்னார்வல மதிப்பீட்டாளர் ஒருவர் அவற்றைப் பார்ப்பார், தேவைப்பட்டால் மின்னஞ்சலில் மேலும் கேட்பார். திருப்தியில்லை என்றால் அந்தப் பதிவு உங்கள் பட்டியலில் இருக்கும், ஆய்வுக்கான தரவில் சேராது.

புதிதாக வருபவர்களுக்கு இது முதலில் சுடும். “நான் கண்ணால் பார்த்தேன், நம்ப மாட்டீர்களா?” என்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களே பறவையைப் பார்த்ததும் கேமராவைத் தேடாமல் அலகு, கண்புருவம், இறக்கைப் பட்டை, கால்நிறம் என்று மனத்துக்குள் குறித்துக்கொள்ளத் தொடங்குவார்கள்.

‘இல்லை’ என்பதும் செய்தி

இந்தப் பட்டியல்களின் உண்மையான பலன் அரிய பறவைகளில் முடிந்துவிடுவதில்லை. 30,000-க்கும் மேற்பட்ட பறவையாளர்கள் தந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 2023-இல் ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை வெளியானது. 942 இனங்களை ஆராய்ந்து, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்றது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. குளிர்காலத்தில் வயல்வெளிகளுக்கும் புல்வெளிகளுக்கும் வரும் பூனைப்பருந்துகளும், வடதுருவத்திலிருந்து வரும் கரைப்பறவைகளும் பெரிதும் அடிபட்டவை.

இந்த முடிவுகளைத் தந்தது காகமும் மைனாவும் கொக்கும் அடங்கிய சாதாரணப் பட்டியல்கள். பார்த்த எல்லாவற்றையும் ஒருவர் எழுதியிருந்தால், எழுதாதது அன்று அங்கே கண்ணில் படவில்லை என்று பொருள். அரிய பறவையை மட்டும் பதிந்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் அந்தத் தகவல் கிடைக்காது.

அப்படிப்பட்ட தகவல் இல்லாததால் உலகம் இழந்தது என்ன என்பதற்கு மெல்லிய அலகுக் கோட்டான் சாட்சி. சைபீரியாவில் பிறந்து மத்தியத் தரைக்கடல் நாடுகளுக்கு வலசைபோன கரைப்பறவை அது. நம் மன்னார் வளைகுடாவுக்கு வரும் குதிரைமலைக் கோட்டானைப் போலவே இருக்கும், அளவில் சற்றுச் சிறியது. கூட்டத்தோடு கூட்டமாக இருந்ததால் அது குறைந்துகொண்டே போனது வெகுகாலம் யாருக்கும் உறைக்கவில்லை. மொராக்கோவின் மெர்ஜா செர்கா கழிமுகத்தில் 1995 பிப்ரவரியில் பார்த்ததே ஐயத்துக்கிடமில்லாத கடைசிப் பதிவு. பிறகு முப்பதாண்டுகள் தேடிப் பார்த்துவிட்டு, 2025 அக்டோபரில் அது அற்றுப்போனதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. ஒரு பறவை அரிதாகிறது என்பதை அது அரிதாவதற்கு முன்பே எண்ணியிருந்தால்தான் சொல்ல முடியும்.

கூட்டம் சேர்ந்தால்

செய்தி பரவும் வேகமே இன்று ஒரு சிக்கல். நீண்ட தூரம் பறந்து வந்த பறவைக்கு இரையும் ஓய்வும்தான் முதல் தேவை. பகலில் தரையில் படுத்திருக்கும் குட்டைக்காது ஆந்தை ஒன்றைக் கண்டதாகத் தகவல் போனால், மறுநாள் அதைச் சுற்றி லென்ஸ்கள் நிற்கும். நல்ல படத்துக்காக ஒருவர் ஓரடி முன்னே போவார், அடுத்தவர் அவரைவிட ஓரடி. ஆந்தை எழும், காக்கைகள் துரத்தும், அன்றைய ஓய்வு போய்விடும். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே வரவழைப்பதும் அதே தொந்தரவுதான்.

பொறுப்புள்ள குழுக்கள் இதற்குச் சில வழக்கங்களை வைத்திருக்கின்றன. கூடு இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. ஆந்தை அடையும் மரத்தைப் பொதுவில் எழுதுவதில்லை. வேட்டைக்கும் கடத்தலுக்கும் ஆளாகக்கூடிய இனங்களின் துல்லிய இடத்தை இ-பேர்ட் தளமே மறைத்துவிடுகிறது. செய்தியைச் சில நாள் தாமதித்துச் சொல்பவர்களும் உண்டு. முதலில் சொன்னவர் என்ற பெயர் கைநழுவினாலும் பரவாயில்லை என்பது அவர்கள் கணக்கு.

நீர் எவ்வளவு, சேறு எவ்வளவு

நல்ல மழை பெய்தால் நிறையப் பறவை வரும் என்று பொதுவாக நினைக்கிறோம். உள்ளான்களுக்கு அது பாதிதான் உண்மை. அவற்றின் கால் நீளம் சில சென்டிமீட்டர். ஏரி ததும்பினால் கரைச்சேறு மூழ்கிவிடும், அவை வேறிடம் போய்விடும். நீர் வடியத் தொடங்கும் ஜனவரி, பிப்ரவரியில் திரும்பிவரும். பெரிய ஏரி நிறைந்த ஆண்டில் வாத்துகளும் சிறுகுளங்களுக்குச் சிதறிவிடும். ஓரிடத்தில் எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து ‘பறவைகள் வரவில்லை’ என்று முடிவுகட்டுவது இதனால்தான் பிழையாகிறது. ஒரே காலத்தில் பல இடங்களில் எண்ண வேண்டும். 1987-இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் செய்வது அதைத்தான். தமிழக வனத்துறையும் மாநிலம் முழுவதும் ஒருசேரக் கணக்கெடுக்கிறது.

இடமே சுருங்கினால் எண்ணிப் பயனில்லை. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் குப்பைமேட்டுக்கும் கட்டடங்களுக்கும் போக எஞ்சியது. 2022-இல் அதற்குப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி கிடைத்தது. விழுப்புரம் மாவட்டத்துக் கழுவேலியும் திருப்பூர் நஞ்சராயன் குளமும் 2024-இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2025-இல் தனுஷ்கோடி பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நஞ்சராயன் குளம் சாயப்பட்டறை நகரின் ஓரத்தில் இருக்கும் ஒரு பழைய பாசனக் குளம். அங்கே எத்தனை வகைப் பறவைகள் வருகின்றன என்று ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்த உள்ளூர் ஆர்வலர்கள் இல்லையென்றால், அதைச் சரணாலயமாக்க வேண்டும் என்ற பேச்சே எழுந்திருக்காது.

ராமேசுவரத்துக்கு எதிர்க்கரையான இலங்கையின் மன்னாரிலும் இதே சிக்கல்தான். வங்காலை, விடத்தல்தீவுப் பக்கம் பல்லாயிரம் வாத்துகளும் கரைப்பறவைகளும் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தெற்குமுனை அது. 2020-இல் அங்கே காற்றாலைகள் சுழலத் தொடங்கியபின், அடுத்த கட்டத் திட்டங்களுக்கு எதிரான வாதங்களில் பறவைக் கணக்குகள் முக்கிய இடம் பெற்றன. சுத்தமான மின்சாரமும் வேண்டும், வலசைப் பாதையும் வேண்டும் என்றால், எந்த இடத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு உயரத்தில் பறவைகள் பறக்கின்றன என்பதைச் சொல்லும் பதிவுகள் முதலில் இருக்க வேண்டும்.

இந்தப் பொங்கலுக்கு

பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். கட்டணம் இல்லை, ஊரைவிட்டுப் போகவும் வேண்டாம். மொட்டைமாடி, வயல்வரப்பு, தெருமுனைக் குளம் எதுவானாலும் சரி. குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் எண்ணி, இ-பேர்டில் பதிய வேண்டும். குரலை வைத்துப் பறவையைச் சொல்லும் மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொன்னதைக் கண்ணால் சரிபார்க்காமல் எழுதக் கூடாது. பிப்ரவரியில் உலக அளவில் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு அடுத்த வாய்ப்பு.

எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு: வாத்துகளுக்கும் வரித்தலை வாத்துகளுக்கும் கூந்தன்குளம், பூநாரைக்கும் உள்ளான்களுக்கும் கோடியக்கரை, பழவேற்காடு, தனுஷ்கோடி, நகரத்திலேயே பார்க்க பள்ளிக்கரணையும் கோவைக் குளங்களும், ஈப்பிடிப்பான்களுக்கும் பூங்குருவிகளுக்கும் நீலகிரி, ஏற்காடு. வெயில் ஏறுவதற்குள் போய்விடுவது நல்லது. அடர்ந்த நிற உடை போதும், பளிச்சென்ற சட்டை வேண்டாம்.

முதல் நாளே கரண்டிமூக்கு உள்ளான் கிடைக்காது. பத்து காகம், ஆறு மைனா, இரண்டு மடையான், ஒரு மீன்கொத்தி என்று பட்டியல் முடியலாம். அதையும் தேதியோடு எழுதிவையுங்கள். அந்தக் குளத்தில் அடுத்த பனிக்காலம் எது புதிதாக வந்தது, எது வராமல் போனது என்று கேட்டால், ஊரில் பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள்.